டாக்டரின் ஓட்டு

நான் ஒஹையோவுக்கு வந்தபோது ரீகன் ஆட்சி. ஜனவரி தோறும் வாஷிங்டனில் கருக்கலைப்பு எதிர்ப்புப் பேரணி நடக்கும். ரீகன் அங்கே போகமாட்டார். வெள்ளை மாளிகையிலிருந்து போனில் பேசுவார், ஒலிபெருக்கியில் கூட்டம் கேட்டுக் கைதட்டும். படத்துக்குக்கூட அந்த மேடையில் ஏறாத சாமர்த்தியம் அது.

குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணத்தைப் பஸ்ஸின் முதுகில் பார்த்து வளர்ந்தவன் நான். 1971-இல் இந்தியாவில் கருக்கலைப்பை அனுமதித்துச் சட்டம் வந்தபோது கட்சிச் சண்டை ஏதும் நடந்ததாக நினைவில்லை. அமெரிக்காவிலும் முதலில் அப்படித்தான் இருந்திருக்கிறது. 1967-இல் கலிபோர்னியா ஆளுநராக இருந்து கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்திக் கையெழுத்துப் போட்டவர் சாட்சாத் ரீகன். 1973-இல் உச்ச நீதிமன்றத்தின் ரோ வழக்கில் கருக்கலைப்பு உரிமை உண்டு என்ற 7 நீதிபதிகளில் 5 பேர் ரிபப்ளிகன் அதிபர்கள் நியமித்தவர்கள். ரிபப்ளிகன் கட்சியின் 1976 தேர்தல் அறிக்கையில், தீர்ப்பை ஆதரிப்பவர்களும் நம் கட்சியில் உண்டு என்று ஒப்புக்கொண்டே எழுதினார்கள். சர்ச் ஓட்டுகளை எண்ணிப் பார்த்த பிறகு அந்த அடக்கமெல்லாம் போய்விட்டது.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒரு டாக்டர். "வரி கம்மி பண்றவனுக்குத்தான் சார் என் ஓட்டு. மத்ததை கோர்ட் பாத்துக்கும்" என்பார். எங்கள் புறநகரில் பாதிப் பேருக்கு அதுதான் கணக்கு. தீர்ப்பு காவலுக்கு நின்றவரை மேடையில் என்ன சபதம் செய்தாலும் யாருக்கும் செலவில்லை. பக்தருக்கு வாக்குறுதி, டாக்டருக்கு வரிச்சலுகை.

2022 ஜூன் 24-இல் உச்ச நீதிமன்றம் ரோ தீர்ப்பைக் கவிழ்த்தது, கேட்ட வரம் கிடைத்துவிட்டது. ஒஹையோவில் அன்றே ஆறு வாரத் தடை அமலுக்கு வந்தது. ஆறு வாரம் என்றால் நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம். பாதிப் பேருக்கு விஷயமே தெரிந்திருக்காது. டாக்டரின் மனைவி மகப்பேறு மருத்துவர். செப்டம்பரில் ஒரு நீதிபதி அந்தத் தடையை நிறுத்திவைக்கும்வரை, பிழைக்காது என்று தெரிந்த கருவுக்குக்கூட ஆஸ்பத்திரி வக்கீலுக்குப் போன் போட்டுவிட்டுத்தான் கையுறை மாட்டினார். அந்த மாதங்களில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரி பற்றிய பேச்சே எழவில்லை.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் ரசமானது. ஆகஸ்ட் சிறப்புத் தேர்தலுக்கு ஆள் வருவதில்லை, பணம் தண்டம் என்று சொல்லி அவற்றில் பெரும்பாலானதை ஒழித்துச் சட்டம் போட்டிருந்தது ரிபப்ளிகன் சட்டசபை. அதே சபை, சட்டத்தின் மை உலர்வதற்குள், 2023 ஆகஸ்ட் 8-இல் ஒரு சிறப்புத் தேர்தல் வைத்தது! மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த இனி 60 சதவீதம் வேண்டுமாம். நவம்பரில் கருக்கலைப்பு உரிமை ஓட்டுக்கு வருகிறது என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மக்கள் 57 சதவீதம் பேர் 'நோ' என்றார்கள். நவம்பரில் ஏறத்தாழ அதே 57 சதவீதம் 'யெஸ்'. இரண்டுக்கும் பெயர் 'இஷ்யூ 1'. டாக்டர் வீட்டுப் புல்வெளியில் ஆகஸ்டில் 'நோ' பலகை, நவம்பரில் 'யெஸ்' பலகை. கட்சிப் பலகை மட்டும் கராஜுக்குள்.

கட்சிக்கும் தொண்டை கட்டிக்கொண்டது. ரோவைக் கவிழ்த்த நீதிபதிகளில் மூவரை நியமித்த டிரம்ப், 2020-இல் அந்தப் பேரணி மேடையிலேயே ஏறிய முதல் அதிபர். அவரே 2024-இல் மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். பல பத்தாண்டாக அறிக்கையில் இருந்த நாடு தழுவிய தடைக் கோரிக்கையும் காணாமல் போனது.

டெமாக்ரட்டுகள் இதை வைத்தே கரையேறிவிடலாம் என்று நம்பினார்கள். ஆனால் அரிசோனாவும் மிசௌரியும் 2024 நவம்பரில் ஒரே வாக்குச்சீட்டில் கருக்கலைப்பு உரிமையையும் நிறைவேற்றின, டிரம்பையும் ஜெயிக்கவைத்தன.

டாக்டரிடம் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"அதான் அரசியல் சட்டத்துலயே எழுதியாச்சே சார்," என்றார். "இனிமே வரியைப் பாக்க வேண்டாமா?"

அவர் மனைவி அந்தப் பக்கம் திரும்பவில்லை.