அடி உதவுகிற மிக்சி

எங்கள் வீட்டு மிக்சிக்கு மின்சாரம் மட்டும் போதாது. அம்மாவின் கையும் வேண்டும். சுவிட்சைத் திருப்பிவிட்டு வலப்பக்கம் ஓர் அறை விட்டால் 'உய்ங்' என்று கிளம்பும். இடப்பக்கம் அறைந்தால் அசையாது. "பயம் இருக்கணும்டா" என்பது அம்மா கட்சி.

மச்சினர் இன்ஜினியரிங் படித்துவிட்டு வங்கியில் வேலை பார்க்கிறவர். மிக்சியைத் தொடாமலே, "ஆர்மேச்சர் போயிடுச்சு மாமா, புதுசு வாங்கிடுங்க" என்றார். ரிப்பேர் கடையில் போனிலேயே "காயில் எரிஞ்சிருக்கும்" என்று தீர்ப்பு வந்தது. காயில் எரிந்தால் வார்னிஷ் கருகும் நாற்றம் தெருவுக்கே தெரியும். எங்கள் மிக்சியிலோ தேங்காய்ச் சட்னி வாசம்தான். அடியில் உள்ள சிவப்பு ஓவர்லோடு பட்டனும் ஒழுங்காக இருந்தது.

எனக்கு அந்த அறை மேல்தான் சந்தேகம். எரிந்த காயில் யார் அடித்தாலும் பிழைக்காது. அடித்தால் ஓடுகிறது என்றால், உள்ளே ஏதோ ஒன்று தொட்டும் தொடாமலும் நிற்கிறது. மிக்சி மோட்டாரில் அந்தக் குணம் கார்பன் பிரஷ்களுக்கு உண்டு. சுழலும் கம்யூட்டேட்டரின் இருபுறமும் ஸ்பிரிங் தள்ள, அதன் செம்புப் பட்டைகளோடு உரசி ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுப்பதும், உரசி உரசித் தேய்வதும்தான் அவற்றின் உத்தியோகம். ரொம்பத் தேய்ந்துவிட்டால் ஸ்பிரிங்குக்கு எட்டாது. இரண்டில் ஒன்று விலகினாலே மோட்டார் படுத்துவிடும். கூட்டணி ஆட்சி மாதிரி.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்தேன். ஸ்க்ரூக்களை ரப்பர் கால்களுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். எந்தப் புண்ணியவான் யோசனையோ! உள்ளே ஒரே கரித்தூள். இடப்பக்கப் பிரஷ் பாதி இருந்தது. வலப்பக்கத்தில் ஒரு துணுக்குதான். அம்மா மீட்டர் இல்லாமலே சரியான பக்கத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்!

பிரஷ்களை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். விலை அற்பம், கடைக்காரர் முகத்தில் அந்த வருத்தம் தெரிந்தது. கம்யூட்டேட்டர் கறுப்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, தூளை ஊதி, புதுசுகளைப் பொருத்தினேன். பிரஷ் முனை கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் படியும்வரை கொஞ்சம் நீலப்பொறி பறக்கும். அதைப் பார்த்ததும் மச்சினர் கூடத்துக்கே போய்விட்டார்.

அங்கிருந்து குரல் வந்தது: "மாமா, இந்த ஃபேனும் மெதுவாத்தான் சுத்துது. இதுலயும் பிரஷ்தான் போயிருக்கும்." எங்கள் சீலிங் ஃபேனில் பிரஷ்ஷே கிடையாது, கெபாசிட்டரைத்தான் பார்க்க வேண்டும். இதைச் சொல்ல நான் கூடத்துக்கு வருவதற்குள் அவர் ஏணி எடுக்கப் போய்விட்டார்.