கிரிவலம் சுத்தற வாசகனுக்கு

வா நைனா, திண்ணையில குந்து. போளூர்லேர்ந்து ஜமுனாமரத்தூர் வரைக்கும் வண்டியை முறுக்கிக்கினு வந்திருக்கே. வளைவுக்கு வளைவு வயிறு கலங்கியிருக்கும். மொதல்ல இந்தச் சாமைக் கஞ்சியைக் குடி. எதுக்கு வந்தேன்னு அப்புறம் சொல்லு.

இன்னாது? நல்ல இலக்கியம் தேடறியா? அதுக்கு ஜவ்வாது மலைக்கா வந்தே? எங்ககிட்ட தேன் கீது, புளி கீது, காலத்துக்குச் சீதாப்பழம் கீது. இலக்கியம் படி என்ன வெலைன்னு இந்தக் கெயவனுக்கு எப்படித் தெரியும்?

சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாத. முப்பது வருசம் கீழ ஒரு நூலகத்துல தூசி தட்டின ஆளு மலையில கீறான்னு எவனோ சொல்லியிருப்பான். நெசந்தான். தட்டினவன் மேலயும் கொஞ்சம் தூசி ஒட்டுமில்ல?

பையில இன்னா துருத்திக்கினு கீது? பட்டியலா? குடு பார்க்கலாம். 'சாவறதுக்குள்ள படிக்க வேண்டிய நூறு நாவல்.' அட, தலைப்புலயே எமனைக் கூட்டியாந்துட்டானே! நூறுல எத்தினி படிச்சே? மூணே முக்காலா? பாக்கியெல்லாம்? "அதுங்களைப் பத்திப் படிச்சிருக்கேன் தாத்தா"ன்றியே, அங்கதான் கண்ணு கீது உன் சீக்கு.

திருவண்ணாமலையில பௌர்ணமிக்குப் பௌர்ணமி பார்த்திருப்பே. 14 கிலோமீட்டர் கிரிவலம். சுத்தற சனங்களுக்கு மலையே சாமி, அதனால சுத்தினாலே தரிசனம். உனக்கு அப்படியா? நீயும் சுத்தற. விமர்சனம் ஒரு லிங்கம், பேட்டி ஒரு லிங்கம், முன்னுரை ஒண்ணு, பின்னட்டை ஒண்ணு, எழுத்தாளனுங்க அடிச்சிக்கற சண்டை ஒண்ணு. இப்படி எட்டு லிங்கத்தையும் கும்பிட்டுட்டு, வழியில சுண்டலும் துன்னுட்டு, ஊடு போய் காலுக்குத் தைலம் தடவிக்கற. புத்தகம் நடுவுல மலையாட்டம் குந்திக்கினு கீது. ஒருத்தனும் ஏறல.

இந்த இலக்கிய மதத்துல எத்தினி மடம்! யதார்த்த மடம், நவீன மடம், அதுக்குப் பின்னாடி பொறந்த பின்நவீன மடம். ஒரு மடத்துக்காரன் கைத்தண்ணி இன்னொரு மடத்துக்காரன் குடிக்க மாட்டான். மொதல் தீட்சை இன்னா தெரியுமா? நேத்து வரைக்கும் ராத்திரி முழிச்சுப் படிச்ச கதையை, இன்னிக்கு "அதெல்லாம் வெகுஜனம்"னு ஒதட்டைப் பிதுக்கணும். வாரப் பத்திரிகைத் தொடர்கதை தீட்டு. தீட்டுக்குப் பரிகாரம் எண்ணூறு பக்க மொழிபெயர்ப்பு ஒண்ணு. அதுலயும் 'புரிஞ்சுது'ன்னு சொல்லிட்டா பரிகாரம் செல்லாது.

அப்புறம் வருசாந்திரத் திருவிழா. சென்னையில 1977-லேர்ந்து நடக்குது புத்தகக் காட்சி. வருசா வருசம் போ, நல்லா சுத்து, தப்பில்ல. ஆனா உன்னை மாதிரி ஆளு ரெண்டு கையிலயும் மூட்டை தூக்கிக்கினு, சாமியாடறவன் மாதிரி வெளிய வர்றான். எழுத்தாளர் கிட்ட கையெழுத்து வாங்கறான், அது விபூதி. பக்கத்துல நின்னு படம் புடிச்சுக்கறான், அது சிறப்பு தரிசனம். ஊட்டுல கொண்டு போய் அலமாரியில அடுக்கறான். அடுக்கினதுக்கு ஒரு படம். அதோட நடை சாத்திடறான்.

எங்க நூலகத்துக்கு ஒரு வாத்தியாரு வருவாரு. பேரு வாணாம். கோடை லீவு விட்டா போரும் அமைதியும் எடுத்துக்கினு போவாரு. டால்ஸ்டாயாச்சே, கக்கத்துல வெச்சாலே நடையில ஒரு மிடுக்கு வந்துடும். திருப்பிக் குடுக்கறப்ப அடையாளத்துக்கு வெச்ச பஸ் டிக்கெட்டை உள்ளயே வுட்டுடுவாரு. நான் எடுக்க மாட்டேன். மூணு கோடை போச்சு. டிக்கெட்டு அதே நாப்பதாம் பக்கத்துல. வெளிய கேட்டா ருஷ்ய ஆன்மான்னு ஒரு மணி நேரம் பேசுவாரு.

தூசி தட்டறவனுக்கு ஒரு சாஸ்திரம் உண்டு, கேட்டுக்க. புத்தகத்துப் பின்னாடி தேதிச் சீட்டு ஒட்டியிருக்குமே, அதுல முத்திரை எத்தினின்னு மொதல்ல பாரு. அது பாதிக் கணக்குதான். முத்திரையை மட்டும் பார்த்தா துப்பறியற கதைதான் எப்பவும் ஜெயிக்கும். ஜெயிக்கட்டுமே, அவன் எல்லைச் சாமி. முனீஸ்வரனைக் கும்பிடாம எவன்டா ஊருக்குள்ள நுழைஞ்சான்? மீதிப் பாதி கறையில கீது. கைப்பட்ட அழுக்கு எந்தப் பக்கம் வரைக்கும் போயிருக்குன்னு பாரு. சில புத்தகம் முப்பது பக்கம் கருப்பு, அப்புறம் கடைசி வரைக்கும் பாலு மாதிரி வெள்ளை. சிலதுல நடுப்பக்கத்துல மஞ்சக் கறை இருக்கும், கடைசிப் பக்கத்துல கண்ணீரோ மோரோ ஒரு சொட்டு. அந்தப் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கினு எடு. அடுப்புல குழம்பு வெச்சுட்டுக் கூட ஒருத்தியால கீழ வெக்க முடியல பாரு. அதுக்கு மேல எந்த விமர்சகன் சாட்சி சொல்லணும்?

எங்க மலையில காவலூர்ல தொலைநோக்கி வெச்சிருக்காங்க, தெரியுமில்ல? 93 அங்குலக் கண்ணாடி, 1986-லேர்ந்து கீது. அங்கேர்ந்து பார்த்துத்தான் 1988-ல ஒரு சிறுகோளைக் கண்டுபுடிச்சு ராமானுஜன்னு கணக்குப் புலி பேரு வெச்சாங்க. அவங்க வேலை தூரத்தைப் பார்க்கறது, பார்க்கறாங்க. நீ எதுக்குக் கண்ணு அதே கண்ணாடியை மாட்டிக்கினு திரியற? கொலம்பியாக்காரரு மார்க்வெஸ் எழுதினது தெரியுது. மலைக்குக் கீழ செங்கத்துல பாடினது தெரியல.

முழிக்காத. அதுக்குத்தான் வர்றேன். உன்னை மாதிரியே தேடிப் போன ஒருத்தரு கதையைச் சொன்னாத்தான் அது விளங்கும்.

1880. கும்பகோணம் காலேஜ்ல தமிழ் வாத்தியாரு, வயசு இருபத்தஞ்சு. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கிட்ட பாடம் கேட்டவரு. பேரு சாமிநாதையரு. ஊருக்குப் புதுசா முன்சீப்பு வந்திருக்காரு, சேலம் இராமசாமி முதலியாரு. இவரு மரியாதைக்குப் பார்க்கப் போறாரு. என்னென்ன படிச்சிருக்கீங்கன்றாரு முன்சீப்பு. வுடுவாரா? அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம்னு மூச்சு வாங்க அடுக்கறாரு. எல்லாம் கேட்டுட்டு, இதுங்களால என்ன பிரயோசனம்ன்ற தோரணையில, சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களா, மணிமேகலை படிச்சிருக்கீங்களான்னு கேட்டாரு பாரு! படிச்சதில்ல. புத்தகத்தைக் கண்ணால கண்டதும் இல்ல. ஊர்ப் பிள்ளையாரையெல்லாம் எண்ணி வெச்சிருந்தவரை, மலை உச்சிக்குப் போனியான்னு கேட்டா எப்படி இருக்கும்? அப்படி இருந்திருக்கும்.

நீயா இருந்தா இன்னா பண்ணியிருப்பே? 'சிந்தாமணி ஒரு மறுவாசிப்பு'ன்னு எங்கனா கட்டுரை தேடியிருப்பே. அவரு முன்சீப்பு கிட்டயே கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கினு வந்து ஒக்காந்தாரு. ஒக்காந்தா, புரியல. அது சமணப் புத்தகம், இவரு திருநீறு பூசற ஆளு. இன்னா பண்ணாரு? சமணருங்க குடியிருக்கற தெருவுக்கே போயிட்டாரு. அங்க ஒரு ஊட்டு வாசல்ல கோலம், மாவிலைத் தோரணம். கலியாணமான்னு பார்த்தா, இல்ல. மாசக்கணக்கா சிந்தாமணி படிச்சாங்களாம், அன்னிக்குப் பூர்த்தியாம், அதுக்குத்தான் விசேசமாம்!

இந்த எடத்துல கொஞ்சம் நில்லு நைனா. படிச்சு முடிச்சதுக்குத் தோரணம். இப்ப நாம எப்பக் கட்டறோம்? வெளியீட்டு விழாவுல. ஒரு ஆளு கூடப் படிக்கறதுக்கு முந்தி. மாலை, மேடை, பொன்னாடை, 'இந்த நூற்றாண்டின் மகத்தான படைப்பு'ன்னு ஒரு வாழ்த்து. நூற்றாண்டுல முக்காவாசி பாக்கி கீதேன்னு எவனாச்சும் கேட்டானா? புள்ளை பொறக்கறதுக்கு முந்தி அறுபதாம் கலியாணம் பண்ற கூட்டம்.

அந்தத் தெருவுல கேட்டுக் கேட்டுத்தான் அவருக்குச் சிந்தாமணி வெளங்கிச்சு. 1887-ல அச்சுல வந்துச்சு. ரெண்டு வருசம் கழிச்சு, 1889-ல, பத்துப்பாட்டு. அந்தப் பத்துல கடைசிப் பாட்டுதான் நம்ம ஊரு சமாசாரம், மலைபடுகடாம். 583 அடி. நன்னன்னு ஒரு ராசா, செங்கண்மாவுல இருந்தவன், அந்தச் செங்கண்மாதான் இன்னிக்குச் செங்கம். அதுல வர்ற சேயாறு எங்க மலையில பொறந்து ஓடற செய்யாறு. அதுல வர்ற நவிரமலை, அதோ, எங்க மலையை ஒட்டித் தனியா நிக்குதே, அந்தப் பருவதமலை.

இப்ப உன் விசயத்துக்கு வர்றேன். இந்தப் பாட்டு இன்னா வகை தெரியுமா? ஆற்றுப்படை. பரிசு வாங்கிக்கினு திரும்பற கூத்தன், பசியோட எதிர்ல வர்ற கூத்தனுக்கு வழி சொல்றான். கவனி. வாசல்ல பலகை மாட்டிக்கினு நிக்கறவன் சொல்லல. போனவன் சொல்றான். துன்னவன் சொல்றான். வயிறு ரொம்பி, கையில பொருளோட வர்றவன் சொல்றான். பன்னிக்குப் பொறி வெச்சிருப்பாங்க, பார்த்துப் போ. தெனைக்காவல்காரன் கவணைச் சுத்திக் கல்லு வுடுவான், மரத்து மறைவுல போ. பாறை வழுக்கும், பாம்பு கெடக்கும். இன்ன எடத்துல மூங்கில் அரிசிச் சோறு, இன்ன எடத்துல மோரு. குழி எங்க கீதுன்னும் சொல்லி, சோறு எங்க கீதுன்னும் சொல்றான் பாரு, அவந்தான்டா வழிகாட்டி!

உன் பட்டியல்காரன் ஒரு குழி காட்டியிருக்கானா? 'நூறாம் பக்கம் வரைக்கும் கல்லும் முள்ளும், பல்லைக் கடிச்சுக்கோ, அதுக்கப்புறம் தேனு'ன்னு ஒரு வரி எழுதியிருக்கானா? எல்லாமே உன்னதம், எல்லாமே தரிசனம். அவனைக் கேளு: "ஐயா, நீ துன்னியா?" ரெண்டாவது கேள்வி: "எங்க வழுக்கி வுழுந்தே?" பேந்தப் பேந்த முழிச்சா கும்புடு போட்டுட்டு நடையைக் கட்டு.

வழி சொல்லத் தெரிஞ்ச ஆளுங்களும் இருந்தாங்க. சி.சு. செல்லப்பா, வத்தலக்குண்டுக்காரரு. 1959-ல எழுத்துன்னு பத்திரிகை ஆரம்பிச்சாரு. புத்தகத்தை மூட்டை கட்டித் தூக்கிக்கினு ஊர் ஊரா, காலேஜ் காலேஜா போய் வித்த மனுசன். அதான்டா காவடி! அலகு குத்திக்கினு ஆடலை, தோள் வலிக்கத் தூக்கினாரு. 1998-ல கண்ணை மூடிட்டாரு. 2001-ல சாகித்திய அகாதெமி விருது, அவரோட 'சுதந்திர தாகம்' நாவலுக்கு. கருமாதிக்குப் பின்னாடி பிரசாதம் வந்துச்சு. விருது பார்த்துப் புத்தகம் வாங்கறேன்றியே, கொஞ்சம் யோசி.

பேரு நிக்கறதைப் பத்தி இன்னொண்ணு. செங்கம் பக்கம் பூரா நடுகல்லு. எடுத்தனூர்ல ஒரு கல்லு கீது, மகேந்திர வர்ம பல்லவன் காலத்துது. சண்டையில செத்த வீரன் பக்கத்துல ஒரு நாயி நிக்குது. நாயி பேரு கோவிவன். கள்ளன் ரெண்டு பேரைக் கடிச்சுதாம், அதனால கல்லுல பேரோட நிக்குது. ஆயிரத்து முன்னூறு வருசத்துக்கு மேல ஆச்சு. அது அணிந்துரை வாங்கல, விழா எடுக்கல, தன்னைத் தானே பகிர்ந்துக்கல. கடிக்க வேண்டிய நேரத்துல கடிச்சுது, அவ்ளோதான். நல்ல புத்தகமும் அப்படித்தான். படிச்ச மறுநாளு எங்கயாச்சும் சுருக்குன்னு வலிக்குதா பாரு. வலிக்கலையா? அது கட்டிப் போட்ட நாயி. கொலைக்கும், அதோட சரி.

பருவதமலையில ஏறியிருக்கியா? 4,500 அடிக்கு மேல. மேல போவப் போவ செங்குத்துப் பாறை, கடப்பாறையைப் புடிச்சுக்கினு ஏறணும். மூச்சு வாங்கும், நடுவுல 'எதுக்குடா வந்தோம்'னு தோணும். உச்சியில மல்லிகார்ஜுனரு. அங்க ஒரு வழக்கம், ஏறி வந்தவனே தன் கையால தண்ணி ஊத்தி, பூ போட்டுப் பூசை பண்ணுவான். இடையில ஆளு கிடையாது, தட்டு கிடையாது. பூசை தப்பா போச்சுன்னு சாமி கோவிச்சுக்கினதா நான் கேள்விப்பட்டதில்ல. உன் பூசையைக் கண்டவன் கிட்ட ஏன் குத்தகைக்கு வுட்டே?

கஞ்சி ஆறிப் போச்சு பாரு, குடி.

இந்தா, மலைபடுகடாம். உரையோட கீது. மூலம் மட்டும் படிச்சா மூச்சு முட்டும், உரையைப் புடிச்சுக்கினு ஏறு, அதுதான் கடப்பாறை. ஓரத்துல மஞ்சக் கறை தெரியுதா? எங்க கெயவி கை. அவளுக்கு எழுத்து தெரியாது, நான் படிக்க அவ அம்மியில அரைச்சுக்கினே கேட்டா. வழியில துன்னக் கெடைக்கறதைச் சொல்ற எடத்துல, "இன்னொரு தபா படி"ன்னா.

பதினஞ்சு நாள் தவணை. பக்கத்தை மடிக்காத, பஸ் டிக்கெட்டு வெக்காத. திருப்பிக் குடுக்க வர்றப்ப மகத்தானதுன்னு ஒரு வார்த்தை வாயிலேர்ந்து வரக் கூடாது. எந்த அடியில தூங்கிட்டேன்னு மட்டும் மறைக்காம சொல்லு. நான் எந்த அடியில தூங்கினேன்னு அப்புறம் சொல்றேன்.

பொயுது சாயுது, கெளம்பு. எறக்கத்துல வளைவுக்கு வளைவு ஹாரன் அடிச்சுக்கினு போ.