நாலு குதிரைச் சூரியன்

காசு கொடுத்துச் செல்லாக்காசு வாங்குகிற ஒரே ஆள் நான்தான் என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது உண்மையில்லை. லண்டனிலேயே எங்கள் கூட்டம் பெரியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஓட்டல் மண்டபத்தில் கூடுவோம். பூதக்கண்ணாடியும் கையுமாக அடுத்தவன் காசைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவோம்.

என் பைத்தியம் கொஞ்சம் குறுகலானது. ரோமானியக் காசு, அதிலும் கி.பி. 276 முதல் 282 வரை ஆண்ட புரோபஸ் வெளியிட்டது. அதிலும் பின்பக்கம் சூரிய தேவன் நாலு குதிரை பூட்டிய தேரில் வருவது. சுற்றிலும் 'சோலி இன்விக்டோ', அதாவது வெல்லப்படாத சூரியனுக்கு, என்று எழுதியிருக்கும்.

"எல்லாம் ஒரே காசுதானே? எதுக்கு இத்தனை?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருக்கிறது. இது சிஸ்கியாவில் அடித்தது, இன்றைய குரோவேஷியா. அது செர்டிகா, இன்றைய சோஃபியா. இதில் அரசர் தலையில் கதிர்முடி, அதில் தலைக்கவசம், கையில் ஈட்டி. கேட்டவர் பாதியிலேயே எழுந்து போய்விடுவதால் என் வாதம் இதுவரை தோற்றதில்லை.

உண்மையான சுவை குதிரைகளில் இருக்கிறது. சில அக்கசாலைகளில் நாலும் ஒழுங்காக ஒரே பக்கம் பாயும். சிலவற்றில் தேர் நேராக நம்மைப் பார்த்து வரும். அப்போது குதிரைகள் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டாக, பாகப்பிரிவினை முடிந்த அண்ணன் தம்பிகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். கணக்குப்படி பதினாறு கால் வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் சொச்சம் அகலமுள்ள வட்டத்தில் பாவம் அந்தச் செதுக்கியவர் எங்கே போவார்? என்னிடமுள்ள ஒரு காசில் பதினொன்றுதான் தேறுகிறது.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் ஒருநாள் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். "நம்ம சூரிய பகவானுக்கு ஏழு குதிரை மாப்பிள்ளை. இவங்க சாமிக்கு நாலுதானா?" அடுத்து, "அருணன் எங்க? சாரதி வைக்கலையா?" என்றார். இல்லை, ரோமாபுரியில் சொந்த ஓட்டுதான். வலது கையைத் தூக்கி ஊருக்கு ஆசி, இடது கையில் சாட்டை, சிலவற்றில் அதோடு ஓர் உருண்டையும். "அப்ப கடிவாளத்தை யார் பிடிக்கிறா?" ரோம நாணயவியல் நூல்கள் எதிலும் இந்தக் கேள்வியை நான் பார்த்ததில்லை.

வெள்ளிக் காசு என்றுதான் பெயர். பலவற்றில் கீழே XXI என்று பொறித்திருப்பார்கள். இருபது பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளி என்று பெரும்பாலான அறிஞர்கள் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். கலப்படத்தின் அளவைக் காசிலேயே அச்சடித்த அந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது. மேலே பூசிய வெள்ளி எப்போதோ தேய்ந்துபோக, என் சூரியன்கள் பெரும்பாலும் கறுப்பாகத்தான் உதிக்கிறார்கள்.

வெல்லப்படாத சூரியனைப் போற்றிய புரோபஸின் கதை சோகம். போரில்லாத நாளில் படை சும்மா இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. சிர்மியம் என்ற நகரின் அருகே சதுப்பு நிலத்தை வடிக்க வாய்க்கால் வெட்டச் சொன்னாராம். 282-இல் சிப்பாய்களே அவரைக் கொன்றுவிட்டார்கள். வேலை வாங்கத் தெரிந்த மேலதிகாரிகள் கவனிக்க.

பின்னால் வந்த கான்ஸ்டன்டைனும் சூரியனை ஏராளமாக அச்சடித்தார். 321-இல் சூரியனின் நாளையே ஓய்வுநாளாக்கினார். நாங்கள் ஞாயிறுதோறும் கூட முடிவதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவருடைய வழக்கமான காசில் சூரியன் வெறுமனே நின்றுகொண்டிருப்பார். தேரில்லாத சூரியனை நான் வாங்குவதில்லை. மலிவாகக் கிடைத்தாலொழிய.

புரோபஸின் சுமாரான தேர்க்காசு நாற்பது ஐம்பது பவுண்டுக்கே கிடைக்கும். ஆகவே உங்களுக்கும் இந்த ஆசை வரலாம், தாராளமாக வாருங்கள். செர்டிகா காசுகளை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள்.