விடுபட்ட அட்டைகள்

கேள்வி: பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகளைப் பள்ளி நாளிலிருந்து சேர்க்கிறேன். சில மட்டும் அகப்படவே மாட்டேன் என்கின்றன. ‘இந்த வயதிலுமா?’ என்கிறார் மனைவி. விட்டுவிடலாமா?
– வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: விடவே விடாதீர்கள்! 108 திவ்ய தேசங்களில் 14 காஞ்சி நகருக்குள்ளேயே இருக்க, நீங்களா இப்படிக் கேட்பது? உலகளந்த பெருமாள் கோயிலுக்குள் நுழைந்தால் ஊரகம், நீரகம், காரகம், கார்வானம் என நான்கு ஒரே நடையில் முடிந்துவிடும். ஆனால் நிலாத்திங்கள் துண்டத்துப் பெருமாள் இருப்பது ஏகாம்பரநாதர் கோயிலில். கள்வப் பெருமாளோ காமாட்சி அம்மன் கோயிலில். பெருமாள் கோயில்களிலேயே சுற்றுகிறவருக்குக் கணக்கு நிறையாது. அட்டையும் அப்படித்தான். அட்டை சேர்ப்பவரிடம் கிடைக்காதது, தபால்தலை சேர்ப்பவரின் ஆல்பத்திலோ யாரோ தீப்பெட்டிப் படம் ஒட்டிய நோட்டிலோ கிடக்கலாம். அங்கும் கேளுங்கள்.

அமெரிக்காவில் 1909–1911இல் சிகரெட்டோடு வந்த ‘டி206’ பேஸ்பால் அட்டைகள் மொத்தம் 524. அதில் ஹோனஸ் வாக்னர் அட்டை ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்கு விலைபோனது! அது உட்பட நான்கு அரிய அட்டைகளை ஒதுக்கி, 520 சேர்ந்தாலே முழுமை என்று மகிழ்கிறவர்கள் பலர். 108இலும் திருப்பாற்கடலும் பரமபதமும் பூவுலகில் இல்லை. 106 சேவித்தவரை யார் குறை சொல்கிறார்கள்?

இரட்டையாக இருப்பதைக் கொடுத்து இல்லாததை வாங்குங்கள். நகல் அச்சு மட்டும் வேண்டாம். கையோடு மனைவியை அழைத்துப்போய் அந்த 14ஐயும் சேவித்துவிடுங்கள். பத்தைத் தாண்டியதும், மிச்சம் எங்கே என்று அவரே கேட்பார்.