ஒரு காரையும் முடிக்காமல் மாடல் கார் நிபுணராவது எப்படி?

பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, பெயிண்ட் அடித்து, மேசை மேல் ஒரு குட்டிக் காரை நிறுத்துவது அந்தக் காலத்தில் ஒரு சாயங்கால வேலை. 1958-இல் அமெரிக்காவின் ஏஎம்டி நிறுவனம் ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாகக் கட்டக்கூடிய கிட்களை விற்க ஆரம்பித்தது. ஷோரூமில் நிற்பதுபோலக் கட்டலாம், சொந்த ரசனைக்கு மாற்றியும் கட்டலாம், பந்தயக் காராகவும் கட்டலாம். விலை ஒன்றரை டாலர் வாக்கில். பன்னிரண்டு வயதுப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்து பெட்டியைப் பிரிப்பான். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் கார் தயார். முன்கண்ணாடியில் கைரேகை, கதவோரம் பசை வழிசல். கொஞ்ச நாள் தரையில் ஓட்டிவிட்டு, அலுத்ததும் பட்டாசு வைத்துத் தகர்த்துவிடுவான்.

அந்தக் காட்டுமிராண்டித்தனத்தைத் தாண்டி நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். இன்றைய மாடலர் எதையும் தகர்ப்பதில்லை, எதையும் முடிக்காததால். நீங்களும் அந்த வழியில்தான் இருக்கிறீர்கள். அதையே முறைப்படி செய்ய இதோ சில குறிப்புகள்.

1. வாங்குங்கள். இதுதான் அடிப்படைப் பயிற்சி. கையில் இருக்கும் கிட்டை முடித்துவிட்டு அடுத்ததை வாங்கலாம் என்ற எண்ணம் வந்தால், முகம் கழுவிக்கொண்டு வந்து இரண்டாக வாங்குங்கள். அமெரிக்காவில் அறுபது தாண்டியவர்கள் இதில் நமக்கு முன்னோடிகள். ரவுண்ட் 2 என்ற நிறுவனம் ஏஎம்டி, எம்பிசி கிட்களை அதே பழைய அட்டைப் படத்தோடு மறுபடி வார்த்துத் தருகிறது. சிறுவயதில் தகர்த்த அதே காரை அவர்கள் திரும்ப வாங்கி அலமாரியில் அடுக்குகிறார்கள். நாம் எந்த 1957 செவ்ரோலேயையும் தகர்த்ததில்லை, நம் தெருவில் பார்த்ததும் இல்லை. அதனால் என்ன? அடுத்தவர் ஏக்கத்தையும் கப்பல் கூலி, சுங்க வரியோடு தருவித்துக்கொள்ளலாம்.

2. பெட்டி வீட்டுக்குள் வரும் நேரத்தைக் கவனியுங்கள். மளிகைப் பையோடு வருவது உத்தமம். “இது எப்ப வாங்கினது?” என்று கேள்வி வந்தால், “இதுவா, ரொம்ப நாளா இருக்கே” என்று சொல்லுங்கள். அடுத்த வருஷம் அது உண்மையாகிவிடும்.

3. அளவில் ஒரு கட்சியில் சேருங்கள். டமியா, மோனோகிராம் நிறுவனங்களின் கிட்கள் பெரும்பாலும் 1/24. ஏஎம்டியின் டெட்ராய்ட் பரம்பரை 1/25. நிஜத்தில் 4.8 மீட்டர் நீளமுள்ள கார் முதலாவதில் 200 மில்லிமீட்டர், இரண்டாவதில் 192. இந்த எட்டு மில்லிமீட்டருக்காக நண்பரை இழக்கத் தயங்காதீர்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருப்பவர் வீட்டில் காபி குடிக்க வேண்டாம்.

4. ஆராய்ச்சி செய்யுங்கள். டமியா நிறுவனத்தின் ஷுன்சாகு டமியா, போர்ஷே மாடல் ஒன்று சரியாக வர வேண்டும் என்பதற்காக நிஜமான போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கி அக்கக்காகப் பிரித்துப் பார்த்தார். திரும்ப மாட்ட போர்ஷே ஆட்களை அழைக்க வேண்டியிருந்தது. இதுவரை எல்லாம் சரி. அதன்பின் அவர் 1976-இல் மாடலை வெளியிட்டு, விற்றும் விட்டார். அந்த இடத்தில்தான் சறுக்கினார். உங்களுக்கு அந்தப் பலவீனம் வேண்டாம். ஸ்பார்க் பிளக் ஒயர் கறுப்பா, கரும்பழுப்பா என்பது ருசுவாகும்வரை எஞ்சினைத் தொடாதீர்கள். பானெட்டை மூடினால் அந்த ஒயர் தெரியாது என்று யாராவது சொன்னால், அவரை வேறு பொழுதுபோக்கு பார்க்கச் சொல்லுங்கள்.

5. பசை. மாடல் சிமென்ட் ஒட்டுகிற பசை இல்லை. பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு பாகத்தையும் ஒன்றாக்குவது. ஆகவே ஒரு சொட்டு போதும் என்பார்கள். நீங்கள் தாராளமாக விடுங்கள், பிறகு இடம் சரியாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அந்த ரேகை சாசுவதம். முன்கண்ணாடிக்கு மட்டும் சூப்பர் குளூ: அதன் ஆவி கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் படிந்துவிடும், உள்ளே இருக்கும் சீட்டை யாரும் குறை சொல்ல முடியாது. மூக்கை மட்டும் தள்ளி வையுங்கள். அறுபதுகளில் அமெரிக்கப் பிள்ளைகள் பசையை மோந்து போதையேற்றப் போய், டெஸ்டர்ஸ் நிறுவனம் 1969-இல் அதில் காட்டமான கடுகு எண்ணெயைக் கலக்கவேண்டி வந்தது.

6. பெயிண்ட். வருஷங்களைச் செலவழிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. மழை நாளாகப் பார்த்து லாக்கர் ஸ்ப்ரேயை எடுங்கள். காற்றின் ஈரம் பட்டு சிவப்பு கார் சாம்பல் பூத்து நிற்கும். பிரைமர் அடிக்காமல் நேரே அடித்தால் இன்னும் விசேஷம், பிளாஸ்டிக்கின் தோல் பொடிப்பொடியாக வெடிக்கும். காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள அனுபவசாலிகள் பாடியை மூக்கருகே கொண்டுபோவார்கள்: பெயிண்ட் வாடை வந்தால் இன்னும் காயவில்லை. எனாமல் என்றால் நாள்கணக்கில் வாடை வரும். உங்களுக்கு மூக்கு எதற்கு, ஆள்காட்டி விரல் இருக்கிறதே. கூரையின் நட்டநடுவில் தொட்டுப் பாருங்கள்.

பிறகு பிரேக் ஆயிலில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து எல்லாப் பெயிண்டையும் உரியுங்கள். மறுபடி அடியுங்கள். மறுபடி தொடுங்கள். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கதவு இடுக்குக் கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும். நல்ல மாடலர் கையில் ஒரு காடிலாக் சோப்புக்கட்டியாகிவிடும்.

7. நனைத்து ஒட்டும் டீக்கல் ஸ்டிக்கரைத் தண்ணீரில் போட்டுவிட்டு போனை எடுக்கப் போங்கள்.

8. இடுக்கியில் பக்கக் கண்ணாடியைப் பிடித்துக் கொஞ்சம் அழுத்துங்கள். டிக் என்று ஒரு சத்தம். பறந்துபோன கண்ணாடியை இனி தேட வேண்டாம். அதே கிட்டை இன்னொன்று வாங்கக் காரணம் கிடைத்துவிட்டது. முதல் குறிப்பைப் பார்க்கவும்.

9. கருவி சேருங்கள். ஏர்பிரஷ், கம்ப்ரசர், அரித்தெடுத்த பித்தளைத் தகடுகள், முப்பரிமாண அச்சில் வந்த கார்புரேட்டர். அறுபதுகளின் பையனிடம் ஒரு பிளேடும் ஒரு பசை டியூபும்தான் இருந்தன. அவன் கட்டி முடித்ததற்கு அந்த வறுமைதான் காரணம்.

10. பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். “நான் ஒண்ணு ஒட்டட்டுமா?” என்று வந்தால், அது பொம்மை இல்லை என்று கறாராகச் சொல்லுங்கள். விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை சிறுவர்களுக்குப் போட்டி நடத்தியது; சொந்தமாக வடிவமைத்த மாடல் கார்களுக்குக் கல்லூரி உதவித்தொகை கொடுத்தது. 1947-இல் ஜெயித்த சக் ஜோர்டன் என்ற பையன் பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் டிசைன் துறைக்கே தலைவரானார். ஒரு காரை முடிக்கப் போய், ஆயுசு பூராவும் கார் வேலை. பொழுதுபோக்கு போயே போய்விட்டது.

11. கடைசியாக, பொறுமை. மேலே சொன்னது எதையுமே செய்யாமல் பழைய கிட்டைப் பெட்டிக்குள் அப்படியே விட்டாலும் காரியம் தானாக நடக்கும். அந்தக் கால வினைல் டயர்களில் இளக்கத்துக்காகச் சேர்த்த ரசாயனம் மெல்லக் கசிந்து, ஒட்டிக் கிடக்கும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். முன்கண்ணாடி மேல் டயர் கிடந்தால், அதன் பட்டன் தடம் கண்ணாடியில் அழுத்தமாகப் பதியும். டயரைத் தனிப் பையில் போட்டு வைத்தால் தப்பிக்கும். அதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டும், திறக்காதீர்கள்.