முக்காற்புள்ளியிடம் தோற்ற மன்னர்

1989 கிறிஸ்துமஸ் சமயம். ஆம்ஸ்டர்டாமில் கைடோ வான் ராசம் வேலை பார்த்த ஆய்வு நிறுவனத்துக்கு விடுமுறை. வேறு யாராக இருந்தாலும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருப்பார்கள். இவர் பொழுது போகாமல் புது நிரல்மொழி ஒன்றை எழுத உட்கார்ந்தார். பேர் பைத்தான். பாம்புக்கு அதில் சம்பந்தமில்லை. மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவிடம் வாங்கிய பேர்.

1995-இல் சகாக்கள் விளையாட்டாக ஒரு பட்டம் சூட்டினார்கள்: 'ஆயுட்காலக் கருணைமிகு சர்வாதிகாரி'. விநோதமான சர்வாதிகாரம் அது. படை இல்லை, கஜானா இல்லை, குடிகளுக்குச் சம்பளமும் இல்லை. அரசர் பிடிக்கவில்லையா? மூல நிரல் முழுவதையும், அதாவது ராஜ்யத்தையே, நகலெடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். யாருக்கு எந்த மாற்றம் வேண்டுமானாலும் முன்மொழிவு எழுதுவார், எல்லோரும் அடித்துக்கொள்வார்கள், கடைசியில் கைடோ தலையை ஆட்டுவார், மேலும் கீழுமாகவோ குறுக்காகவோ.

2009 ஏப்ரல் முதல் தேதி, மன்னர் ஓய்வுபெறுகிறார் என்று 401-ஆம் முன்மொழிவு வந்தது. சகா பாரி வார்சா 'ஆயுட்கால நட்பு மொழி மாமா'வாகப் பதவியேற்பாராம். 'சமமில்லை' என்பதற்குப் பழைய குறியையே மீட்டது மாமாவின் அரசாணை. முட்டாள்கள் தினக் கூத்துதான். ஆனால் அந்த ஆணையைச் செயல்படுத்தும் நிரலைப் பைத்தானுக்குள் நிஜமாகவே சேர்த்தும் விட்டார்கள்.

2018-இல் வந்தது 572-ஆம் முன்மொழிவு. பட்டியலின் நீளத்தை எண்ணி, அதற்கொரு பேர் வைத்து, பத்துக்கு மேலா என்று பார்க்க அதுவரை இரண்டு வரி ஆனது. முக்காற்புள்ளியும் சமக்குறியும் ஒட்டிய := போட்டால் ஒரே வரி. தலையைச் சாய்த்துப் பார்த்தால் இரண்டு கண், இரண்டு தந்தம். அதனால் வால்ரஸ் குறி. மிச்சமானது ஒரு வரி. அதற்காக மாதக்கணக்கில் மல்லுக்கட்டு. கைடோ சரியென்றார், வசவு நின்றபாடில்லை. ஜூலை 12 அன்று மடல் போட்டார்: இவ்வளவு போராடி, இத்தனை பேரின் வெறுப்பையும் வாங்கிக் கட்டிக்கொள்ள இனி என்னால் ஆகாது. வாரிசைச் சொல்லவில்லை, பட்டத்து யானையிடம் மாலை கொடுத்து அனுப்பவுமில்லை. ஜனநாயகமோ சர்வாதிகாரமோ, உங்கள் பாடு என்றார்.

யார் ஆள்வது என்று தீர்மானிக்குமுன் எப்படி ஆள்வது என்று தீர்மானிக்க வேண்டும். அதற்கும் முன் எப்படி வாக்களிப்பது என்று சண்டை போட வேண்டும். எல்லாம் முறைப்படி நடந்தது. ஏழு ஆட்சிமுறைகள் மோதி, டிசம்பரில் ஐவர் குழு ஜெயித்தது. ஒரே கம்பெனியிலிருந்து இருவருக்கு மேல் கூடாது. 2019 தேர்தலில் வென்ற ஐவரில் ஒருவர் மொழி மாமா பாரி. இன்னொருவர், ராஜினாமா செய்த அதே கைடோ! அடுத்த தேர்தலில் அவர் கழன்றுகொண்டார். வால்ரஸ் 2019 அக்டோபரில் 3.8 பதிப்பில் ஏறி உட்கார்ந்து, இன்றும் சௌக்கியமாக இருக்கிறது.

சம்பளமில்லாத ராஜ்யத்தில் முடிவெடுக்க ஒருவரே போதும். திட்டு வாங்கத்தான் ஐந்து பேர் வேண்டும்.