தொட்டிக் கணக்கும் பாகூர் மதகும்: ஓர் ஆய்வு

ஒரு தொட்டியை ஒரு குழாய் 12 மணி நேரத்தில் நிரப்பும். அடியிலுள்ள இன்னொரு குழாய் 18 மணி நேரத்தில் காலி செய்யும். இரண்டையும் திறந்துவிட்டால் தொட்டி எப்போது நிரம்பும்? பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கும் காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே இந்தத் தொட்டி எப்படி வந்து உட்கார்ந்தது என்பதே இவ்வாய்வின் பொருள்.

முதலில் வரலாறு. 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. நுழைவுத் தேர்வு பற்றி அதில் பேச்சில்லை. செப்பேட்டில் இல்லாதது ஊரில் இல்லை என்ற ஆய்வு நெறிப்படி, அன்று தொட்டிக் கணக்கும் இல்லை எனத் துணியலாம். பிறகு 2022-இல், பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான பொது நுழைவுத் தேர்வாக, க்யூட் வந்தது. இன்று அதன் பொதுத் திறன் தாளில் 60 நிமிடத்துக்கு 50 கேள்விகள். அதாவது கேள்விக்கு 72 விநாடி. எங்கள் கடைத்தெருவில் ஒரு டீ ஆற்றிக் கைக்கு வர இதைவிடக் கூடுதல் நேரமாகும்.

இந்தத் தாளில் வரும் கணக்குகளை அணுகுவதில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று வில்லியனூர் மரபு. அது ரயிலைச் சார்ந்தது. புதுச்சேரி–விழுப்புரம் பாதை 1879-இல் போடப்பட்டதிலிருந்து ரயில் பார்த்து வளர்ந்த ஊர் அது. 120 மீட்டர் நீள ரயில் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கம்பத்தைக் கடக்க எவ்வளவு நேரம் என்றால், ஸ்டேஷன் பக்கத்தில் குடியிருக்கும் என் அக்கா மகள் 54-ஐ 5/18-ஆல் பெருக்கி, விநாடிக்கு 15 மீட்டர், ஆக 8 விநாடி என்று முடித்துவிடுவாள். ஆனால் எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் எங்கே சந்திக்கும் என்ற கேள்வி அவளை உலுக்கிவிட்டது. "மாமா, நம்ம ஊர்ல ஒத்தத் தண்டவாளம்தான். இதுக்கு விடை எழுதக் கூடாது, ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போன் பண்ணணும்."

மற்றது பாகூர் மரபு; ஏரியைச் சார்ந்தது. நகரத்தில் படித்தவர்கள் எல்லோரும் தொட்டிக் கணக்கைக் கேலி செய்வார்கள்: அடிக்குழாயை மூடித் தொலைக்கக் கூடாதா என்று. இது நீர்ப்பாசனம் அறியாதார் கேள்வி. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே தென்பெண்ணைத் தண்ணீர் பாகூர் ஏரிக்கு வந்துகொண்டிருக்கும்போதே, மதகு வழியாக வயலுக்குப் போய்க்கொண்டும் இருக்கும். வருவதும் போவதும் ஒரே நேரத்தில் நடப்பதற்குப் பெயர்தான் ஏரி. ஆகவே க்யூட் தாளிலேயே மிக யதார்த்தமான கேள்வி இதுதான் என்பது என் முடிபு. கேள்வி எழுதியவர் பாகூர்க்காரராக இருக்கலாம், ஆதாரம் கிடைக்கவில்லை.

அளவைகளில் பாகூர்ப் பிள்ளைக்கு ஒரு கூடுதல் வசதி. 24 அடிக்கு 24 அடி ஒரு குழி, அதாவது 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி. வீட்டில் பேச்சு குழியில், மனை விற்பவர் பேச்சு சதுர அடியில், பத்திரத்தில் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ஆர், சென்டியார். ஒரு காணி ஏறத்தாழ 53.5 ஆர். பங்காளித் தகராறில் இந்த மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு அலகு மாற்றத்துக்குத் தனியாகக் கோச்சிங் எதற்கு?

முன்னோர் முறையையும் சோதித்தோம். பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எண்ணச் சொல்லித்தருகிறது கணக்கதிகாரம் என்னும் பழைய கணக்கு நூல்: காம்பருகே உள்ள முட்களை எண்ணி, 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுக்க வேண்டும். பண்ருட்டிப் பழம் ஒன்று வாங்கி, முள் 50 என்று எண்ணி, 60 சுளை என்று எழுதிவைத்தோம். சரிபார்க்க அறுத்தபோது, தரவுகள் எண்ணப்படுமுன் தின்னப்பட்டுவிட்டன.

இனி, விடை தெரியாதபோது என்ன செய்வது? சரிக்கு 5 மதிப்பெண், தப்புக்கு 1 கழிவு. நான்கு விடையில் கண்ணை மூடி ஒன்றைத் தொட்டால், சராசரியாக நான்கு முறையில் ஒருமுறை 5 வரும், மூன்று முறை 1 போகும். மிச்சம் 2, கேள்விக்கு அரை மதிப்பெண். ஒரு விடையைத் தள்ளிவிட்டால் அது 1 ஆகிறது. "தெரியாதத தொடாத" என்ற என் அம்மாவின் கொள்கை கரண்டுக் கம்பிக்குப் பொருந்தும், க்யூட்டுக்குப் பொருந்தாது.

கடைசியாகக் களச்சோதனை. அக்கா மகள் கோடை விடுமுறைக்குப் பாகூர் வந்திருந்தபோது தொட்டிக் கணக்கை என் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"எந்த மாசம் கண்ணு?" என்றார்.

"மாசம்லாம் இல்ல தாத்தா. பன்னண்டுல ஒண்ணு, பதினெட்டுல ஒண்ணு. கழிச்சா முப்பத்தாறுல ஒண்ணு. முப்பத்தாறு மணி நேரம்."

"நடுராத்திரியில எவனாவது மதகை இன்னும் ஒரு சாண் தூக்கிட்டா?"

அவள் விடைகளைப் பார்த்தாள். 30, 36, 15, 6. அப்படியொரு விடை அங்கே இல்லை. கைப்பேசியில் 72 விநாடி தீர்ந்து மணி அடித்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் கிளம்பிவிட்டார்.